மேல் ஃபிரெட்களில் மட்டும் சுருதி விலகினால்

பிரிட்ஜை, அதாவது தந்திகளைத் தாங்கி நிக்கிற கட்டையை, நகர்த்துங்க, மாண்டலினை மாத்த வேண்டாம். திறந்த தந்தி எல்லாம் டியூனர்ல சரியா நிக்குது, 7ஆவது ஃபிரெட்டை (கழுத்துல குறுக்கே பதிச்சிருக்கிற கம்பி) தாண்டினா அபஸ்வரம்னா, பெரும்பாலும் காரணம் பிரிட்ஜ் இடம் மாறினதுதான். நிறைய மாண்டலின்ல பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது. தந்தியோட அழுத்தத்துலதான் நிக்கும். பெட்டியில வர்றப்பவோ, தந்தி மாத்துறப்பவோ லேசா நகர்ந்திருக்கும்.

சோதிச்சுப் பாருங்க:

1. 12ஆவது ஃபிரெட் கம்பிக்கு நேர் மேல விரலை அழுத்தாம தொட்டு மீட்டி, ஹார்மோனிக் (மணி மாதிரி மெல்லிசா வர்ற ஒலி) எடுங்க.

2. அதே ஃபிரெட்டை அழுத்தி வாசிங்க. அழுத்தின ஸ்வரம் ஹார்மோனிக்கை விடக் கூடுதலா இருந்தா பிரிட்ஜை டெயில்பீஸ் (தந்திகளோட அடிமுனையை மாட்டுற உலோகத் துண்டு) பக்கம் தள்ளணும், குறைவா இருந்தா கழுத்துப் பக்கம். ஒரு மில்லிமீட்டரே பெரிய வித்தியாசம் காட்டும்.

3. ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற ஜி, ஈ தந்தி ஜோடிகளைத் தனித்தனியா பாருங்க. ஜி பக்கம் கொஞ்சம் டெயில்பீஸ் பக்கமா, பிரிட்ஜ் சாய்வா நிக்கலாம். அது தப்பில்லை.

நகர்த்துறதுக்கு முன்னாடி தந்திகளைக் கொஞ்சம் தளர்த்துங்க. எட்டையும் ஒண்ணாக் கழட்டிடாதீங்க, பிரிட்ஜ் விழுந்துடும், இடமும் தெரியாமப் போயிடும். பென்சில்ல பழைய இடத்தைக் குறிச்சு வச்சுக்கிறது நல்லது. முடிஞ்சா முதல்ல புதுத் தந்தி போட்டுடுங்க. துருப்பிடிச்ச தந்தியில எந்த அளவையும் நம்ப முடியாது.

முதல் ரெண்டு மூணு ஃபிரெட்லயே சுருதி ஏறினா கோளாறு நட்ல (கழுத்தோட மேல்முனையில தந்திகள் உட்கார்ற பள்ளங்கள் உள்ள துண்டு), பள்ளம் ஆழம் பத்தலை. அதை நீங்களே அராவாதீங்க, கிட்டார் பழுது பாக்கிறவர்கிட்ட கொடுங்க. பிரிட்ஜ் ஒட்டியிருக்கிற மாடல்னாலும் அப்படித்தான், பலமாத் தள்ளிடாதீங்க.