முகம்மது பாக்கிர் அல்-சதர் ஏன் கொல்லப்பட்டார்?

ஒரு மார்க்க அறிஞரைக் கொல்லும் அளவுக்குச் சதாம் உசேன் ஏன் அஞ்சினார் என்று கேட்டிருக்கிறீர்கள். 1935-இல் பாக்தாத்தின் காழிமியாவில் பிறந்து, ஷியா முஸ்லிம்களின் புனித நகரான நஜஃபின் மதக் கல்விக்கூடங்களில் பயின்ற பாக்கிர் அல்-சதர், வழிபாட்டுச் சட்டங்களோடு நின்றுவிடாமல், இராக்கிய இளைஞர்களை ஈர்த்துவந்த கம்யூனிசத்துக்கு அதன் களத்திலேயே பதில் சொல்ல முனைந்தவர். 'நமது தத்துவம்', 'நமது பொருளாதாரம்' என்று பொருள்படும் அவருடைய இரு நூல்களும் மார்க்சியத்தையும் முதலாளித்துவத்தையும் ஒருங்கே விமர்சித்தன. வட்டியில்லா வங்கி பற்றியும் அவர் தனியே எழுதினார்.

1950-களின் இறுதியில் உருவான, ஷியா இஸ்லாமிய அரசியல் இயக்கமான தாவா கட்சியின் சிந்தனை ஊற்று அவரே. பின்னர் அவர் கட்சியிலிருந்து முறைப்படி விலகிக்கொண்டபோதும், அரசு அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. ஆனால், என் பார்வையில், பகையை முற்றவைத்தது 1979-ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சிதான். அந்தப் புரட்சியின் தலைவர் கொமேனியை வெளிப்படையாக ஆதரித்த அவர், சதாமின் ஆளும் பாத் கட்சியில் சேருவது மார்க்கத்துக்கு விரோதம் என்றும் தீர்ப்பளித்தார். கைது, அதைக் கண்டித்து ஆர்ப்பாட்டங்கள், பிறகு மாதக்கணக்கில் வீட்டுக்காவல் என்று நிலைமை இறுகியது. தாவா உறுப்பினர்களுக்கு மரண தண்டனை என்னும் ஆணை 1980 மார்ச் இறுதியில் பிறந்தது. மறுநாளே துணைப் பிரதமர் தாரிக் அசீஸ் மீது கொலை முயற்சி நடக்க, ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குள் சதரும், எழுத்தாளரான அவருடைய தங்கை ஆமினாவும் கொல்லப்பட்டிருந்தனர்.

(1999-இல் கொல்லப்பட்ட முகம்மது சாதிக் அல்-சதர் வேறொருவர், இவருடைய உறவினர், இராக்கிய ஷியா தலைவர் முக்ததா அல்-சதரின் தந்தை.)

சதாம் வீழ்ந்த பின், ஜாஃபரி, மாலிகி, அபாதி என அடுத்தடுத்து மூன்று பிரதமர்கள் அந்தத் தாவா கட்சியிலிருந்தே வந்தனர்.