சுத்தியல் தடம் இருந்தால் கைவேலையா? ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் வெள்ளி, எனாமல்: கேள்வி பதில்

கேள்வி: இயந்திர உற்பத்திக்கு மாற்றாகக் கைவேலையைப் போற்றிய ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் இயக்கக் காலத்தில், 1900 வாக்கில் இங்கிலாந்தில் செய்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மேலெல்லாம் சுத்தியல் தடம். கைவேலை என்று நம்பலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். 1899-ல் லண்டனின் லிபர்ட்டி கடை 'சிம்ரிக்' என்ற பெயரில் வெள்ளிப் பொருள்களைக் கொண்டுவந்தது. அதில் பலவற்றை பர்மிங்காமில் அச்சில் அடித்துச் செய்தார்கள். தடத்தை அப்புறம் மேலே போட்டார்கள். ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் அவற்றுக்கு வரைந்த வடிவங்கள் அழகானவை, அதை மறுக்கவே முடியாது. ஆனால் 1888-ல் சி. ஆர். ஆஷ்பீ கிழக்கு லண்டனில் தொடங்கிய கைவினை கில்டில், அதாவது கைவினைஞர் கூட்டமைப்பில், தட்டையான தகட்டை அடித்தடித்தே கிண்ணமாக எழுப்பினார்கள். அங்கே தடம் என்பது வேலை விட்டுப்போன சுவடு. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்: கையால் எழுப்பியதில் தடங்கள் பெரும்பாலும் அடியின் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக விளிம்புவரை ஏறும்.

கேள்வி: முத்திரையில் எதைப் பார்ப்பது?

பதில்: நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன்.

கேள்வி: இந்த வெள்ளிப் பொருள்கள் சிலவற்றில் வண்ணமாக இருக்கும் எனாமல் ஒருவகை பெயின்ட்தானே?

பதில்: இல்லை, அது அசல் கண்ணாடி. பொடியாக அரைத்து, தண்ணீரில் குழைத்து, தகட்டில் வைத்து, நன்றாகக் காயவிட்டுச் சூளையில் சுடுவார்கள். கோபால்ட் சேர்த்தால் நீலம், செம்பு சேர்த்தால் பச்சை. சூளையின் சூடு 800 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஸ்டெர்லிங்கோ 900-ஐ எட்டுமுன்னே முழுக்க உருகிவிடும். பற்றவைத்த இடங்கள் அதற்கும் முன்னால் பிரிந்துவிடலாம். இந்தக் குறுகிய இடைவெளிக்குள் கண் பார்த்து வேலை செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மெல்லிய தகடாக இருந்தால் பின்பக்கமும் எனாமல் பூசுவார்கள். ஆறும்போது கண்ணாடியும் உலோகமும் ஒரே அளவில் சுருங்காது. ஒருபக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: ஓரத்தில் எனாமல் சில்லு பெயர்ந்துவிட்டது. மறுபடி சூளையில் வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். பழைய விரிசல்கள் விரியும், பதித்த கல்லும் போய்விடும். அல்ட்ராசோனிக் கருவியில் கழுவவும் கூடாது. பழம்பொருள் பராமரிப்பில் தேர்ந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இலங்கையில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசாமிக்கு இதில் தொடர்பு உண்டு என்கிறார்களே?

பதில்: உண்டு. கில்ட் 1902-ல் சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்கு இடம் மாறியது. அருகிலிருந்த பாழடைந்த இடைக்கால நார்மன் தேவாலயம் ஒன்றை ஆஷ்பீ குமாரசாமிக்கு வீடாக மாற்றிக் கொடுத்தார். இலங்கைக் கைவினைஞர்களைப் பற்றிய தம் பெரிய நூலை குமாரசாமி 1908-ல் அச்சிட்டு முடித்தது அங்கேதான். கில்ட் கலைந்த பிறகும் அதன் வெள்ளி வேலைக்காரர் ஜார்ஜ் ஹார்ட் ஊரைவிட்டுப் போகவில்லை. அவர் வழிவந்த பட்டறை அங்குள்ள பழைய பட்டு ஆலையிலேயே தொடர்ந்து நடந்துவருகிறது.