மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே மேம்படுத்த எதில் தொடங்க வேண்டும்?

நெடும்பயணத்துக்கான உங்கள் மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் முதலில் எதை மாற்றலாம் என்று பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பெட்டி, கூடுதல் விளக்கு எல்லாம் பிறகு; முதலில் பின்பக்க ஷாக் அப்சார்பரையும் பிரேக்கையும் கவனியுங்கள். இரு சக்கர வண்டியைப் போல இது வளைவில் சாயாது என்பதால், பாபநாசத்திலிருந்து காரையாருக்கு ஏறும் மலைப்பாதைத் திருப்பங்களில் பாரம் வெளிப்புறச் சக்கரத்துக்கு மாறும். வேகம் மிகுந்தால் உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும்பவும் கூடும். ஆகவே சாமான்களைப் பின் அச்சுக்கு அருகில், தாழ்வாக வையுங்கள்.

விளக்கு பொருத்துவதானால் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே (சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, விளக்குக்கான பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாகத் தனி வயர் இழுப்பதே பாதுகாப்பு. சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, வெட்டி வெல்டிங் செய்வதை மட்டும் தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம். தயாரிப்பாளரின் அளவுகளிலிருந்து வண்டி விலகும்படி மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் தடுக்கிறது.