வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவை, பூச்சிகளைப் பார்ப்பதில் அப்படி என்ன சுவாரசியம்? எப்படித் தொடங்குவது?

எங்கள் வீடு கும்பகோணம் பக்கம். கொல்லை என்றதும் பெரிய தோப்பு என்று நினைத்துவிடாதீர்கள், தென்னை, முருங்கை, கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல், அப்புறம் யாரும் வெட்டாமல் விட்ட ஒரு புதர் மூலை, அவ்வளவுதான். எத்தனை வகைப் பறவை வரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது அவ்வளவு முக்கியமில்லை. வருவதெல்லாம் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான், அவை என்ன செய்கின்றன என்று பார்க்க ஆரம்பித்தால்தான் எழுந்து போக மனசு வராது.

தவிட்டுக்குருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் வேறெங்கும் இல்லாத பறவை, நாமோ அதன் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். எப்போதும் கூட்டமாகத்தான் வரும். மற்றவை சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும்போது ஒன்று மட்டும் கிளையில் உட்கார்ந்து காவல் பார்க்கும். சாயங்காலம் தண்ணீர்த் தட்டில் வரிசையாக முங்கிவிட்டு, நனைந்த உடம்போடு நெருக்கியடித்து உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிடும். இவ்வளவு உஷாரான கூட்டத்தையும் சுடலைக்குயில் ஏமாற்றிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. தவிட்டுக்குருவி முட்டையின் அதே நீல நிறத்தில் ஒரு முட்டையை அவற்றின் கூட்டில் வைத்துவிட்டுப் போய்விடும், குஞ்சு பொரிந்ததும் சொந்தப் பிள்ளை மாதிரி இவை ஊட்டி வளர்க்கும்.

பறவைகூட வேண்டாம், ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். கறிவேப்பிலை அழகி என்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். புழு சின்னதாக இருக்கும்போது அசல் காக்கா எச்சம்தான், கிட்டப்போய் உற்றுப் பார்த்தாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னால் இருந்து பாம்பு நாக்கு போல சிவப்பாக இரண்டு முனை வெளியே நீளும், கூடவே ஒரு நெடியும் அடிக்கும். தாளிக்க இலை பறிக்க வரும் அம்மாவுக்கு இது பிடிக்காதுதான். சரி, செடியில் பாதி உனக்கு பாதி புழுவுக்கு என்று பேசி முடித்திருக்கிறோம்.

காதையும் பழக்கிக்கொள்ளுங்கள். அணில் வாலைத் தூக்கித் தூக்கி விடாமல் கத்தினால் பூனையோ பாம்போ வல்லூறோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் பெரும்பாலும் சாரைதான், எலி பிடிக்க வரும், விஷம் கிடையாது. அதற்காகக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதில்லை, அதன் பாட்டுக்குப் போய்விடும்.

தொடங்குவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அகலமான மண் தட்டில் ஆழமில்லாமல் தண்ணீர், நடுவில் ஒரு கல். தினமும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம், புழு இல்லையென்றால் குருவியும் இல்லை. ஒரு மூலையையாவது சருகும் புதருமாக விட்டுவையுங்கள், செம்போத்து நடந்து நடந்து நத்தை தேடுவது அங்கேதான். அப்புறம் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை: ஆசையாக இருக்கிறது என்று கிளியைப் பிடித்துக் கூண்டில் போடாதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், பார்க்கப் பார்க்கத் தானாக வரும். கொஞ்சம் பழகியதும் ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். கொல்லையில் ஒரு 15 நிமிடம் நின்று கண்ணில் பட்டதை எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் போட்டால் போதும். காக்கா மட்டும்தான் வந்தது என்றால் காக்கா என்றே போடுங்கள், அதுவும் கணக்குதான்.