எஃகின் விலை

அன்புள்ள ஐயா,

சுவிஸ் நிறுவனமான பதேக் பிலிப்பின் நாட்டிலஸ் கைக்கடிகாரத்துக்கு வந்த பழைய விளம்பரத்தைப் பார்த்தேன். உலகின் மிக விலையுயர்ந்த கடிகாரங்களில் ஒன்று எஃகினால் ஆனது என்று பெருமையடிக்கிறது. எஃகைத் தங்கத்தின் விலைக்கு விற்றது விளம்பரத் தந்திரம்தானே? இன்னொன்று: தாத்தாவின் கடிகாரத்தில் டயல் மங்கிவிட்டது. புது வண்ணம் பூசலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டயலைத் தொடாதீர்கள். அவ்வளவுதான்.

சில வாரங்களாக அந்தக் காலத்து விளம்பரங்களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஏமாற்றைச் சகிக்காத உங்கள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் எதையும் தராசில் வைத்து நிறுக்கும் அடகுக்கடைப் பார்வை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?

நாட்டிலஸ் வந்தது 1976இல். அதை வரைந்த ஜெரால்ட் ஜென்டா அதற்கு முன்பே ஓடெமார் பிகே நிறுவனத்துக்கு ராயல் ஓக்கை வரைந்திருந்தார். 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரக் கடிகாரக் கண்காட்சிக்கு வந்த எஃகுக் கடிகாரம் அது. விலை 3,300 சுவிஸ் பிராங்க். அதன் முன்மாதிரிகளை எதில் செய்தார்கள் தெரியுமா? வெள்ளைத் தங்கத்தில்! எஃகு அவ்வளவு முரண்டு பிடித்தது. அறுக்கவும் இழைக்கவும் தங்கமே இணங்கியது. எண்கோண விளிம்பின் மேல்தளத்தில் மெல்லிய கோடுகள் ஓட வேண்டும், அதன் சரிவு பளபளக்க வேண்டும், இரண்டும் சந்திக்கும் ஓரம் கொஞ்சமும் மழுங்கக் கூடாது. விலை இந்த வேலைக்கு. உலோகத்துக்கு அல்ல, வேலைக்கு. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்த வேலையைச் செய்தவர்களின் நிலைமையையும் பாருங்கள். 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீகோ நிறுவனம், மின்கலத்தில் ஓடி இயந்திரக் கடிகாரங்களைவிடத் துல்லியமாக நேரம் காட்டும் தன் குவார்ட்ஸ் கடிகாரமான அஸ்ட்ரானை டோக்கியோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970இல் சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் மிஞ்சியவர்கள் முப்பதாயிரத்துச் சொச்சம். துல்லியத்தில் தோற்றுப்போன தொழில் செய்நேர்த்தியைச் சொல்லி விலை கேட்டது. அதில் என்ன தந்திரம்?

கோபப்பட்டே ஆக வேண்டுமென்றால், அதே பதேக் 1996இல் தொடங்கிய விளம்பரத் தொடரின்மேல் கோபப்படுங்கள். தந்தையும் மகனும் இருக்கும் படம். கடிகாரம் உங்களுக்குச் சொந்தமல்ல, அடுத்த தலைமுறைக்காகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்ற வாசகம். எஃகைப் பற்றியோ இழைத்த கைகளைப் பற்றியோ அந்த வாசகத்தில் பேச்சே இல்லை. பிள்ளைப் பாசத்தைக் காட்டி விலை கேட்கிறார்கள். இரண்டு விளம்பரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போதும் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் சண்டையைத் தொடர்வோம்.