ஆக்சிமீட்டர் 97 காட்டும்போது அள்ளை ஏன் இழுக்கிறது?

கேள்வி: ஒன்றேகால் வயது மகளுக்கு மூன்று நாள்களாகச் சளி. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. ஆனால், மூச்சு விடும்போது அள்ளை (விலாப்பக்கம்) இழுப்பதாக என் மாமியார் சொல்கிறார். எதை நம்புவது? மூச்சு இழுப்பை வீட்டிலேயே அளக்கக் கருவி உண்டா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: மாமியார் சொல்வதை நம்புங்கள், குழந்தையை இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஆக்சிமீட்டர் காட்டுவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை மட்டுமே. அந்த அளவைக் காப்பாற்றக் குழந்தை எவ்வளவு பாடுபடுகிறது என்பது அதற்குத் தெரியாது. பெரியவர்களுக்கான கருவி சின்ன விரலில் சரியாகப் பொருந்துவதுமில்லை.

மூச்சு முயற்சியைத் துல்லியமாக அறிய, மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள். குழாய் செலுத்தாமல், நெஞ்சிலும் வயிற்றிலும் மீள்பட்டைகளைச் சுற்றி, இரண்டும் ஒருசேர விரிகின்றனவா, ஒன்று ஏற மற்றது இறங்குகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. இது ஆய்வகங்களுக்கும் தூக்கப் பரிசோதனைக்கும் உரியது. வீட்டுக்கு வாங்கத் தேவையில்லை. குழந்தையின் காலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்க இணையத்தில் விற்கும் காலுறைக் கருவிகளிலும் பணத்தைப் போடவேண்டாம்.

உங்கள் கைப்பேசி போதும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது, தூங்கினால் இன்னும் நல்லது, சட்டையைக் கழற்றி, நெஞ்சும் வயிறும் தெரிய, நல்ல வெளிச்சத்தில் ஒரு முழு நிமிடம் காணொளி எடுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் கணக்குப் பிசகும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, 1 முதல் 5 வயதுக்குள் நிமிடத்துக்கு 40, 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, அதற்கும் இளையவர்களுக்கு 60 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலே அது வேகமான மூச்சு. காய்ச்சலும் இதைக் கூட்டும் என்பதால், எண்ணிக்கையைவிட நான் அதிகம் மதிப்பது இழுப்பைத்தான்: மூச்சை உள்ளே இழுக்கும்போது கீழ் விலா உள்வாங்குகிறதா, மூக்குத் துவாரம் விடைக்கிறதா, மூச்சோடு தலை ஆடுகிறதா, வெளிவிடும்போது முனகல் கேட்கிறதா? காணொளியை மருத்துவரிடமும் காட்டுங்கள்; அங்கே போனதும் குழந்தை வீறிட்டு அழுதால் எதையும் கணிப்பது கடினம்.

குடிக்க முடியாமை, உதடு நீலம் பாய்தல், வலிப்பு, முனகல், எழுப்பியும் விழிக்காத அசதி, ஆக்சிமீட்டரில் 90-க்குக் கீழ் எண் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வெகுநேரம் இழுத்த மூச்சு திடீரெனத் தணிந்து, குழந்தையும் துவண்டு கிடந்தால், அது குணமல்ல, களைப்பு. அப்போதும் உடனே அழைக்க வேண்டும்.