‘காட்ஸில்லா: பிளானட் ஆஃப் தி மான்ஸ்டர்ஸ்’ அனிமே படத்தின் நிறை, குறைகள் என்ன?

முதல் தடவை பார்த்தபோது எனக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை பாதி பிடித்தது. அதனால் என் பதிலும் பாதிப்பாதியாகத்தான் இருக்கும். கடைசிக் காட்சியைச் சொல்லாமல் இதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியவில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், 88 நிமிடம்தான்.

2017 நவம்பரில் ஜப்பானில் வெளியான படம். அடுத்த ஆண்டு ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மூலம் மற்ற நாடுகளுக்கு வந்தது. காட்ஸில்லா வரிசையில் முழுநீள அனிமேஷன் படம் இதுதான் முதல். கதை இது: ராட்சத மிருகங்களிடம், கடைசியில் காட்ஸில்லாவிடம், பூமியைப் பறிகொடுத்த மனிதர்கள் ஒரு விண்கப்பலில் தப்பிக்கிறார்கள். குடியேறப் போன கிரகம் உதவாது என்று தெரிந்ததும் வந்த வழியே திரும்புகிறார்கள். கப்பலில் போனது 20 ஆண்டுச் சொச்சம். பூமியிலோ அதற்குள் 20,000 ஆண்டுகள் ஓடிவிட்டன. காட்ஸில்லா இன்னும் அங்கேதான் இருக்கிறது. பெற்றோரை அதற்குப் பலிகொடுத்த ஹருவோ என்ற இளைஞன் அதைக் கொல்ல ஒரு திட்டத்தோடு இறங்குகிறான்.

எனக்கு இந்தப் படத்தில் எல்லாமே ஒரே ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: பக்கத்தில் எதுவும் இல்லாவிட்டால் ஒரு மிருகம் பெரியது என்று நமக்கு எப்படித் தெரியும்?

1954-இல் வந்த முதல் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். அன்றைய டோக்கியோ கட்டடங்களுக்கு மேல் தலை தெரிய அது போதும். கின்சா மணிக்கூண்டை அது உடைக்கும்போது, தினமும் நிமிர்ந்து மணி பார்த்த ஒன்றை இது குனிந்து பார்க்கிறதே என்றுதான் பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும். பிறகு நகரத்தில் கட்டடங்கள் உயர உயர, காட்ஸில்லாவையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். 1984-இல் 80 மீட்டர், 1991-இல் 100. மிருகத்துக்கும் கட்டடத்துக்கும் ஒரு போட்டி என்றே சொல்லலாம்.

இந்த அனிமே அந்த நகரத்தையே எடுத்துவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் காடும் பனிமூட்டமும் சாம்பல் நிற மலையும்தான். 20,000 ஆண்டு பழைய காட்டில் ஒரு மரம் 10 மீட்டரா 40 மீட்டரா, யாருக்குத் தெரியும்? அதற்கு நடுவில் காட்ஸில்லா நடந்து வரும்போது, பெரிதாக இருக்கிறது என்று மூளை ஒப்புக்கொள்கிறது, வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. மக்கள் ஓடவில்லை, ரயில் கவிழவில்லை, விளக்கு அணையவில்லை. சண்டைக் காட்சிகள் நீளமாக இருந்தும் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் இதே குறை அப்படியே தலைகீழாகிறது. படம் முழுக்க அவர்கள் போராடுவது 50 மீட்டர் காட்ஸில்லாவோடு. வெடிவைத்து, மண்ணில் புதைத்து, அதன் கவசம் செயலிழக்கும் சில நொடிகளுக்குள் முதுகில் கருவிகளைக் குத்தி, எத்தனையோ பேரைப் பலிகொடுத்து ஒருவழியாகக் கொன்றுவிடுகிறார்கள். எல்லோரும் பெருமூச்சு விடும்போது தூரத்தில் மலை அசைகிறது. எழுந்து நிற்பது 300 மீட்டர் காட்ஸில்லா. இவ்வளவு நேரம் கொன்றது குட்டி!

படத்தில் அளவுகோலே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவழித்து நம் கண் முன்னாலேயே செய்துவிட்டார்கள். அந்தக் குட்டிதான் அளவுகோல். அதை வீழ்த்த எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது நமக்குத் தெரியும், அதனால் அதைப் போல ஆறு மடங்கு என்றால் என்ன என்பதும் உடனே புரிகிறது. பெரியது வாலை ஒரு தடவை சுழற்றுகிறது, அந்தக் காற்றலையிலேயே படை சிதறுகிறது. முதல் தடவை பார்த்தபோது அதற்குள் சலித்துப்போய் அரைக் கவனத்தில் இருந்தேன், இது என் மேல் ஏறவே இல்லை. இரண்டாம் தடவை ஹெட்போன் போட்டு இருட்டில் பார்த்தபோது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு யோசனைக்காக மட்டும் எழுத்தாளர் கென் உரோபுச்சியைப் பாராட்ட வேண்டும். வழக்கமாகக் காட்ஸில்லா வெளியிலிருந்து நம் ஊருக்குள் வரும். இங்கே பூமியே அதனுடையதாகிவிட்டது. இலைகள் தோலைக் கிழிக்கும் அளவுக்குக் கூர்மை. பறக்கும் ஜந்துக்கள்கூட அதன் உடற்கூறையே கொண்டவை. அத்துமீறி நுழைவது மனிதர்கள்தான். ‘எங்கள் பூமியை மீட்போம்’ என்று ஹருவோ கத்தும்போதெல்லாம், யாருடைய பூமி என்று கேட்கத் தோன்றுகிறது. 20,000 ஆண்டு குடியிருந்தவனுக்கே பட்டா!

சரி, குறைகளுக்கு வருவோம். பேச்சு, பேச்சு, பேச்சு. திட்டத்தைக் குழுவிடம் விளக்குகிறார்கள், கிளம்பும் முன் விளக்குகிறார்கள், செய்துகொண்டிருக்கும்போதும் விளக்குகிறார்கள். தமிழில் சப்டைட்டில் எழுத உட்கார்ந்தால் கை ஒடிந்துவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடுப்பு, தலையில் ஹெல்மெட். யாராவது செத்தால் ‘யார் இவர்?’ என்று யோசிப்பதற்குள் அடுத்தவர் செத்துவிடுகிறார். ஹருவோவுக்குத் தெரிந்த ஒரே உணர்ச்சி கோபம். இத்தனைக்கும் தொடக்கத்தில் ஒரு அருமையான காட்சி இருக்கிறது: கப்பலில் உள்ள முதியவர்களை வாழத் தகாத கிரகத்துக்கு அனுப்புகிறார்கள், அதில் அவன் தாத்தாவும் ஒருவர். அவன் எதிர்த்தும் பயனில்லை, அவர்கள் போன ஓடம் கண் முன்னே வெடித்துச் சிதறுகிறது. உணவுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடான ஒரு கப்பலில் வயதானவர்களுக்கு என்ன இடம் என்பது தனிப்படத்துக்கே போதுமான விஷயம். ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார்கள்.

கதையில் இரண்டு வேற்றுக்கிரக இனங்களும் உண்டு, ஒன்றுக்கு மதம், இன்னொன்றுக்குத் தொழில்நுட்பம். இந்தப் படத்தில் அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை, அடுத்த பாகங்களுக்கான முன்பணம் அவ்வளவுதான். மிருகங்கள் ஒவ்வொன்றாக வந்து நகரங்களை அழித்த கதை தொடக்கத்தில் சில நிமிடத் தொகுப்பாக ஓடி முடிகிறது. அதையே படமாக எடுத்திருக்கலாமே என்று ரசிகர்கள் பொருமுவதில் நியாயம் இருக்கிறது.

படம் பாலிகான் பிக்சர்ஸ் செய்தது. முப்பரிமாண உருவங்களைக் கையால் வரைந்த சித்திரம் போலக் காட்டும் முறை அவர்களுடையது. இயந்திரங்களுக்கும் காட்ஸில்லாவுக்கும் அது கச்சிதம். அதன் உடல் அடுக்கடுக்காய் முறுக்கிய நார் போலத் தெரிகிறது, பார்க்கப் பார்க்கப் புதிதாக இருக்கிறது. மனித முகங்களுக்கு அதே முறை ஒத்துவரவில்லை, பொம்மைகள் வாயசைப்பது போல் இருக்கிறது. தகாயுகி ஹத்தோரியின் இசை நன்று. 1994, 1999 காட்ஸில்லா படங்களுக்கும் இசையமைத்தவர் அவர்தான்.

அப்புறம், எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் அணைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஒரு சின்னக் காட்சி இருக்கிறது, இரண்டாம் பாகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பாகத்தில் மெக்காகாட்ஸில்லா வருகிறது என்று கேள்விப்பட்டு ஒரு இரும்பு ராட்சதனை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாறுவீர்கள், வருவது ஒரு நகரம். மூன்றாம் பாகத்தில் கிடோரா என்ற மூன்று தலை ராட்சத மிருகம் வருகிறது, அதற்கும் மூன்று நீண்ட கழுத்துகள் மட்டும்தான் தெரியும். மூன்றில் எனக்கு முதல் பாகமே மேல். அதிலும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் நான் இதுவரை ஐந்தாறு தடவை பார்த்திருப்பேன்.